யாழ்ப்பாணத்தில் முழுநல ஒன்றுகூடல்: முதன்முறை நடத்துவோருக்கான வழிகாட்டி

கடந்த வருடம் எங்கள் ஊரில் மூச்சுப்பயிற்சி, எளிய யோகாசனம், இலைக்கஞ்சி, மனம்விட்டுப் பேசுதல் ஆகியவை சேர்ந்த அரைநாள் ஒன்றுகூடல் ஒன்றை நடத்துவதென நாங்கள் நால்வர் முடிவெடுத்தோம். எண்ணம் தோன்றிய நாளிலிருந்து அது நடந்து முடிய ஐந்து மாதங்கள் ஆயின. ஒரு தடவை மண்டபம் கைநழுவிப் போனது. இன்னொரு தடவை எங்கள் கடிதம் தவறான மேசையில் மூன்று வாரம் கிடந்தது. ஒன்றுகூடல் நடந்த நாளிலோ, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னபோது ஓர் அம்மா விம்மி அழத் தொடங்கினார். அவரை யாரிடம் அழைத்துச் செல்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அதன்பின் நடத்திய மூன்று ஒன்றுகூடல்களுக்கும் ஆறு வாரங்களுக்கு மேல் தேவைப்படவில்லை. அந்த ஆறு வாரங்களில் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன். 25 முதல் 35 பேர் வரை கூடுகின்ற, கட்டணம் இல்லாத, ஊர்மட்ட நிகழ்வு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. நடத்தப்போவது என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள் (ஆறு வாரங்களுக்கு முன்)

நோக்கம், நாள், இடம், எத்தனை பேர், யார் வளவாளர் (பயிற்சியையும் பேச்சையும் நடத்துபவர்), என்ன உணவு, செலவை யார் ஏற்பது ஆகிய ஏழு விடயங்களும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இனிமேல் நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வோர் அலுவலகத்திலும் முதலில் கேட்கப்படுவது இந்தப் பக்கம்தான்.

இங்கு ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அறிவித்தலிலோ கடிதத்திலோ ‘சிகிச்சை’, ‘நோய் தீர்க்கும்’, ‘குணமாக்கும்’ என்று எழுதாதீர்கள். மருந்து கொடுப்பதும் நாடி பார்த்து நோய் சொல்வதும் வைத்தியரின் வேலை. சித்த வைத்தியராயினும் ஆயுர்வேத வைத்தியராயினும், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுர்வேத மருத்துவச் சபையில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். உங்கள் நிகழ்வில் மருந்து வழங்கும் எண்ணம் இருந்தால் அது மருத்துவ முகாம். அதற்கான வழி வேறு. மருந்து இல்லையென்றால் ‘உடல், உள நல ஒன்றுகூடல்’ என்று எழுதுவது போதுமானது; உண்மையும் அதுவே. வருத்தத்தோடு வருகிறவர்களுக்கு நாம் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுப்பதாகச் சொல்லக்கூடாது.

2. பதிவுள்ள ஓர் அமைப்பின் பெயரில் நடத்துங்கள்

தனிநபர் பெயரில் கடிதம் கொண்டுபோனால் ஒவ்வொரு மேசையிலும் ‘நீங்கள் யார்’ என்ற கேள்விக்கே அரைமணி நேரம் போய்விடும். இதற்கென்று புதிதாக ஒரு சங்கத்தைத் தொடங்கிப் பதிவு செய்ய முயல்வதும் வேண்டாம், மாதக்கணக்கில் இழுபடும். உங்கள் ஊரிலே சனசமூக நிலையமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, முதியோர் சங்கமோ ஏற்கெனவே பதிவோடு இருக்கும். அதன் நிர்வாகக் கூட்டத்தில் விடயத்தை முன்வைத்து, தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் செய்து, அந்தப் பக்கத்தின் பிரதியையும் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தலைப்புத் தாளில் எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்ட கடிதங்கள் நான்கு வேண்டும். ஒரு தாளைக் கூட வெறுமையாகக் கையொப்பமிட்டு வாங்காதீர்கள். நல்ல உறவுகள் அதனால் கெட்டிருக்கின்றன.

3. நாளும் நேரமும்

தாய்மாரை எதிர்பார்த்தால் பாடசாலை நாளொன்றில் காலை 9 மணி தொடக்கம் நண்பகல் 12.30 வரை வையுங்கள். பிள்ளைகள் 1.30 இற்கு வீடு திரும்புமுன் அவர்கள் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். குருநகர், பாசையூர், மயிலிட்டி போன்ற கடற்றொழிலாளர் ஊர்களில் காலை வேளை படகு கரைக்கு வரும் வேளை. அங்கு பிற்பகல்தான் பொருந்தும். ஆண்களும் வரவேண்டும் என்று விரும்பினால் ஞாயிறு பின்னேரத்தை யோசிக்கலாம். ஆனால் உள்ளூர் வீதிகளில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் விசாரித்துவிட்டு முடிவுநேரத்தைக் குறியுங்கள்.

தவிர்க்க வேண்டிய காலங்கள் பல. ஐப்பசி, கார்த்திகையில் மழை; வெள்ளம் நின்றால் வயதானவர்கள் வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாக் காலத்தில் விரதகாரரும் வரமாட்டார்கள், வீதிகளும் மூடப்பட்டிருக்கும். பொதுப் பரீட்சைக் காலத்தில் பாடசாலை மண்டபத்தை நினைக்கவே வேண்டாம். ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்களுக்கும் சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கும் உரிய நாட்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18, நவம்பர் 27 ஆகிய தேதிகளை ஒட்டிய வாரங்களில் எங்கள் வீடுகளில் துயரம் கனத்திருக்கும். அந்த நாட்களில் மூச்சுப்பயிற்சிக்கு அழைப்பது இரக்கமற்ற செயலாகத் தோன்றும்.

மண்டப வாடகை குறைவாகவும் நாள் எளிதாகவும் கிடைப்பது கல்யாணம் இல்லாத மாதங்களில். ஆடியின் தொடக்க வாரங்கள் எங்களுக்கு நன்றாக அமைந்தன.

4. இடம்

கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கும், காற்றோட்டமும் இருக்கும் என்பதால் எல்லோரும் முதலில் அங்குதான் போவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அது பிழையென்று பிறகு விளங்கியது. வீட்டில் சாவு நடந்து தொடக்கோடு (தீட்டோடு) இருப்பவர்கள் 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் எல்லைக்குள் வரமாட்டார்கள். மாதவிலக்கு நாட்களில் உள்ள பெண்களும் வரமாட்டார்கள். ஆறுதல் தேவைப்படுகிறவர்களையே வெளியே நிறுத்திவிட்டு நாம் உள்ளே இருந்து யாருக்காகக் கூடுகிறோம்? தேவாலய மண்டபத்திலும் வேறு வகையான தயக்கம் சிலருக்கு இருக்கும். இவற்றோடு, எந்தச் சமூகத்தவரும் கூச்சமின்றி உள்ளே வந்து அமரக்கூடிய இடமா, எல்லோரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பார்களா என்பதையும் மனச்சாட்சியோடு கேட்டுப் பாருங்கள். சனசமூக நிலைய மண்டபமும் முன்பள்ளிக் கட்டடமும் பெரும்பாலும் இந்தச் சிக்கல்கள் இல்லாதவை.

பாடசாலை மண்டபமாயின் அதிபரின் வாய்ச் சொல் போதாது. வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அதற்கு ஒரு மாதத்தை ஒதுக்குங்கள். எங்களுக்குக் கைநழுவிய மண்டபம் இப்படித்தான் போனது: வாயால் தந்த வாக்கை நம்பி நாளை அறிவித்துவிட்டோம்.

இடத்தை நேரில் பார்க்கும்போது மலசலகூடத்தின் கதவு உள்ளிருந்து பூட்டப்படுகிறதா, தண்ணீர் வருகிறதா, முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கைபிடியுள்ள கதிரைகள் உண்டா, அழுபவர் ஒருவரைத் தனியே அமர்த்த ஒரு சிறு அறையோ மரநிழலோ உண்டா என்று பாருங்கள். கடைசியிற் சொன்னது இல்லாத இடத்தை நான் இப்போது எடுப்பதில்லை.

5. கடிதங்கள் (ஆறு தொடக்கம் இரண்டு வாரங்களுக்கு முன்)

முதற் கடிதம் கிராம அலுவலருக்கு. அவருக்கு வெளிக்களக் கடமைகள் அதிகமாதலால் காலையிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அமைப்பின் கடிதம், ஒரு பக்கக் குறிப்பு, பதிவுச் சான்றிதழின் பிரதி, பொறுப்பாளர் இருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். அவர் அதில் தமது சிபார்சை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவார்.

அந்தச் சிபார்சோடு இரண்டாம் கடிதம் பிரதேச செயலகத்துக்குப் போகும். எங்கள் கடிதம் மூன்று வாரம் கிடந்தது இந்தக் கட்டத்தில்தான். கடிதத்தை முன்மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டோம். அது வேறொரு பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் கடமையில் இருப்பார்கள். ‘பிரதேச செயலாளர் ஊடாக’ என்று விளித்து, அவர்களுடைய கவனத்துக்கு என்று மேலே குறிப்பிட்டு, நேரில் அவர்களைச் சந்தித்து விளக்குங்கள். உங்கள் கைப்பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் இடுவித்துக்கொள்ளாமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். முத்திரை இல்லாத கடிதத்தைப் பற்றி மறுபடி விசாரிக்க வழியே இல்லை. அந்த உத்தியோகத்தர்களை நிகழ்வுக்கும் அழையுங்கள். பின்னால் ஒருவருக்கு உதவி தேவைப்படும்போது, அந்த முகம் ஏற்கெனவே பழகிய முகமாக இருக்கும்.

மூன்றாவது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு. சமைத்த உணவு கொடுப்பதாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரியப்படுத்துங்கள். எங்கே சமைக்கிறீர்கள், எந்தத் தண்ணீர் என்பதை அவர் கேட்பார். அதே பணிமனையைச் சேர்ந்த குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போகிறவர். எந்த வீட்டில் யார் தனித்துக் கிடக்கிறார் என்பது ஊரில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எவருக்கும் தெரியாது. அவரிடம் ஒரு மணி நேரம் இருந்து பேசுவது பத்துச் சுவரொட்டிகளுக்குச் சமம்.

நான்காவது, பொலிஸ் நிலையத்துக்கு, இரண்டு வாரங்களுக்கு முன்பு. மண்டபத்துக்குள் 30 பேர் கூடுவதை அறிவிக்கும் கடிதம் இது. ஒலிபெருக்கி பாவிப்பதாயின் அதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் 30 பேருக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை; அது வட்டமாக இருந்து பேசும் நெருக்கத்தைக் கெடுத்துவிடும், அனுமதிக்கு அலையும் வேலையும் மிஞ்சும்.

இந்த நான்கு கடிதங்களுக்கும் எனக்குச் செலவானது நிழற்படப் பிரதிக்கும் போக்குவரத்துக்கும்தான். எவரும் இதற்கென்று பணம் கேட்டால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

6. வளவாளரைத் தெரிவு செய்தல்

இதில்தான் அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுவது நாமல்ல. யோகப் பயிற்சிக்கு ஒருவர், உளநலப் பேச்சுக்கு ஒருவர் என இருவர் தேவை. ஒருவரே இரண்டையும் செய்வதாகச் சொன்னால் அவருடைய தகைமையை விரிவாகக் கேளுங்கள். உளவளத்துணைக்குப் பயிற்சி பெற்றவரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகவோ, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலமாக இத்துறையில் இயங்கும் சாந்திகம் போன்ற நிறுவனங்களின் ஊடாகவோ அணுகலாம். மூலிகை, உணவு பற்றிப் பேசக் கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் கற்பிப்போருக்கு எழுதிக் கேட்கலாம். பல்கலைக்கழகத்தவரை அழைக்க ஒரு மாதத்துக்கு முன்பே கடிதம் கொடுங்கள்.

ஒவ்வொரு வளவாளரிடமும் நான் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். ஒருவர் பயிற்சியின் நடுவே உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? யாருக்கு இந்தப் பயிற்சியைச் செய்ய வேண்டாம் என்பீர்கள்? எவரேனும் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மூன்றாவதற்கு ‘வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது’ என்ற பதிலைத் தவிர வேறெதைச் சொன்னாலும் நன்றி கூறி விடைபெற்றுவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் உறவினர் ஒருவர் நடத்தித் தருவதாக அன்போடு முன்வருவது இங்கு வழமை. அவர் சுற்றுலா விசாவில் வந்திருந்தால் சன்மானம் பெற்று வேலை செய்ய முடியாது என்பதை இரு பகுதியினரும் விளங்கிக்கொள்ள வேண்டும். அவர் போனபின் தொடர்ந்து பார்ப்பவர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

7. அழைப்பும் முன்விசாரிப்பும் (இரண்டு வாரங்களுக்கு முன்)

வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் போட்டால் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் வருகிறவர்களே வருவார்கள். வீட்டு வாசலில் போய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது நான்கு விடயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: பிறஷர் அல்லது இருதய நோய் உண்டா, நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுக்கிறாரா, கர்ப்பமா, அண்மையில் சத்திரசிகிச்சை நடந்ததா. உயர் குருதியழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை உள்ளே அடக்கும் பயிற்சியைச் செய்யக்கூடாது. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைச் செய்யக்கூடாது. நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றோடு வரக்கூடாது. யோகம் என்றால் வெறுவயிறு என்ற எண்ணம் ஊரில் பலமாக இருப்பதால் இதைக் கட்டாயம் வாயால் சொல்லுங்கள்.

வரவுப் பதிவில் பெயரும் ஊரும் போதும். அடையாள அட்டை இலக்கம் கேட்கும் நிரலைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போன பெண்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. பணம் தருகிறவர்கள் அந்த இலக்கத்தைக் கேட்டால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, தேவையில்லாத தகவலைத் திரட்ட மாட்டோம் என்று பணிவாகச் சொல்லுங்கள். நோய் விபரம் எழுதிய தாளை நிகழ்வு முடிந்த அன்றே எரித்துவிடுங்கள். அழுகிறவர்களைப் புகைப்படம் எடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

8. செலவு

எங்கள் கடைசி ஒன்றுகூடலுக்கு 34 பேர் வந்தார்கள். மண்டபத்துக்கு 4,000 ரூபாய், இலைக்கஞ்சியும் பனங்கட்டியோடு தேநீரும் 5,100, வளவாளர் இருவரின் சன்மானமும் போக்குவரத்தும் 8,000, நடக்க இயலாத முதியவர்களுக்கு முச்சக்கரவண்டி 1,800, துப்புரவு 1,500, பிரதிகள் 600. மொத்தம் 21,000 ரூபாய். ஒருவருக்கு ஏறத்தாழ 620 ரூபாய். பாய்களை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். முதல் தடவை நாங்கள் பதாகைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவழித்த பணத்தில் முதியவர்களை ஏற்றி இறக்கியிருக்கலாம்.

வெளிநாட்டு உறவுகள் உதவினால் பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். தனிப்பட்ட கணக்கில் வாங்கினால் எவ்வளவு நேர்மையாகச் செலவழித்தாலும் கதை வரும்.

கஞ்சியைப் பற்றி ஒரு சொல். வல்லாரை, முசுட்டை, தூதுவளை, பொன்னாங்காணி என வழமையாக வீட்டில் போடும் இலைகளோடு நில்லுங்கள். நன்மை கருதி மூலிகைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அதிமதுரம் குருதியழுத்தத்தைக் கூட்டும்; பிறஷருக்குக் குளிசை போடுகிறவர்கள் பாதிப் பேர் இருக்கும் சபையில் அதைத் தேநீரில் போடுவது ஆபத்து. சீனியைத் தனியாக வையுங்கள்.

9. அன்றைய மூன்றரை மணி நேரம்

9 மணி என்றால் 9.30 இற்கே எல்லோரும் வந்து சேர்வார்கள்; அந்த அரைமணியைத் தேநீருக்கும் குசலம் விசாரிப்பதற்கும் விட்டுவிடுங்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்ற வரிசையை எவ்வளவு வற்புறுத்தினாலும் ஏற்காதீர்கள். எங்கள் முதல் நிகழ்வில் அது ஒன்றேகால் மணி நேரத்தைத் தின்றுவிட்டது.

வட்டமாக அமருங்கள், கதிரையும் பாயும் கலந்திருக்கட்டும். தொடக்கத்திலேயே மூன்று வாக்குகளை எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: பேச விருப்பமில்லாதவர் பேசவேண்டியதில்லை, இங்கு கேட்டது வெளியே போகாது, எந்த நேரமும் எழுந்து வெளியே போகலாம். மூச்சுப்பயிற்சியைப் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள், கண்ணைத் திறந்துகொண்டும் செய்யலாம் என்று சொல்லுங்கள். கண்ணை மூடினால் சிலருக்கு இருட்டல்ல, வேறு காட்சிகள் வரும். மனம் ஒன்றுவதற்கு ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னால் அவரவர் சமயத்தின் சொல்லை அவரவரே எடுக்கட்டும்.

அதன்பின் இருவர் இருவராகப் பேசும் பகுதி. ‘உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ‘இந்தக் கிழமை உங்களைத் தாங்கிப் பிடித்தது எது’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் மாட்டுக்கன்றைச் சொன்னார், ஒருவர் பேரப்பிள்ளையின் தொலைபேசி அழைப்பைச் சொன்னார். பேரிழப்பைச் சந்தித்தவர்களை ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் விவரிக்க வைப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அந்நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டு உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களையே சொல்கிறது: பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல். நடத்துகிறவர்களாகிய நம் வேலையும் அவ்வளவுதான்.

மூன்றாவதான இணைத்தலுக்காக, நிகழ்வுக்கு முன்னரே ஒரு சிறு அட்டையை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, அவசர நோயாளர் காவுவண்டி 1990, பெண்களுக்கான உதவி 1938, சிறுவர்களுக்கானது 1929. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அவற்றின் கிளினிக் நாட்களை நிகழ்வுக்கு முந்தின வாரமே தொலைபேசியில் கேட்டு அட்டையில் எழுதுங்கள். அழுகிற ஒருவரோடு வெளியே போய் இருப்பதற்கென்றே உங்களில் ஒருவரை ஒதுக்கி வையுங்கள். அவருக்கு அன்று வேறு எந்த வேலையும் கொடுக்கக்கூடாது. எங்கள் குழுவில் அதைச் செய்பவர் ஓய்வுபெற்ற தாதி ஒருவர். அவர் பெரும்பாலும் ஒன்றும் பேசுவதில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பார். தற்கொலை எண்ணம் பற்றி எவரேனும் சொன்னால், அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரகசியம் காப்போம் என்ற வாக்கு அந்த இடத்தில் பொருந்தாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள்.

கஞ்சியைக் கடைசியில் கொடுங்கள், நடுவில் கொடுக்க வேண்டாம். கனத்த பேச்சுக்குப் பிறகு கையில் சூடான கோப்பையோடு அரைமணி நேரம் சாதாரணக் கதை கதைத்துவிட்டுத்தான் எவரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

10. முடிந்த பின்

மண்டபத்தைக் கூட்டிக் கழுவித் திறப்பை அன்றே ஒப்படையுங்கள். மூன்று நாட்களுக்குள் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒரு பக்க நன்றிக் கடிதமும் வரவு செலவுக் கணக்கும் கொடுங்கள். அடுத்த முறை அதே மேசையில் உங்கள் கடிதம் கிடக்காது. ஒரு கிழமைக்குள், அன்று கலங்கியிருந்தவர்களின் வீடுகளுக்குக் கையில் ஏதும் குறிப்பேடு இல்லாமல் போய் வாருங்கள். இரண்டாம் ஒன்றுகூடலின் தேதியை முதலாவது கலைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விடவேண்டாம். எங்கள் முதல் நிகழ்வில் அழுத அந்த அம்மாவை இரண்டாவதற்கு நான் வீட்டுக்குப் போய்த்தான் அழைத்தேன். அவர் வந்தார், பேசவில்லை. கஞ்சிக்குத் தேங்காய் துருவித் தருவதாகச் சொல்லி அடுப்படிப் பக்கம் போனார். இப்போது ஒவ்வொரு முறையும் கஞ்சி அவருடைய பொறுப்பு. இலை ஆய வேண்டுமென்று காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார், ஆதலால் திறப்பை முதல்நாள் மாலையே வாங்கி வைக்கிறோம்.